மூன்று பத்து

ரூனவீக் மீன்தீவன ஆலையின் இரண்டாம் மாடி.
ஜன்னலில்லாத அறையில்
மிச்சமிருந்தது ஒரே ஒரு பழைய இயந்திரம்.
வெள்ளிக்கிழமை அதை அணைக்கிறோம்.
அதற்குமுன் அதன் பழக்கங்களை ஒவ்வொன்றாய்
எடுக்கச் சொல்லியிருந்தாள் மார்யூன்,
பூனைக்கு உண்ணி பிடுங்குகிற மாதிரி.

பட்டியல் கேட்டேன்.
நாற்பத்தோரு எதிர்வினைகள்.
இது நடந்தால் அதைச் செய் என்று
யாரோ எப்போதோ சொல்லிவைத்தவை:
வட்டு நிறைந்தால் கடிதம் எழுது.
கொதிகலன் கணக்குத் தப்பினால் மணியடி.
ஒரு வாரம் யாரும் உள்ளே வராவிட்டால்
அதையும் யாரிடமாவது சொல்.

அந்த யாரோக்களில் பாதிப்பேர் வேலையில் இல்லை.
ஒருத்தி ஆர்ஹுஸில் பல் மருத்துவம் படிக்கிறாள்.
கடிதங்கள் போய், முகவரி இல்லாமல் திரும்பி,
ஒரே கோப்பில் மூட்டையாய்க் கிடந்தன.
நிறுத்து என்று யாரும் சொல்லாததால்
ஊதுகிற சங்கை ஊதிக்கொண்டிருந்தது இயந்திரம்.

கட்டளை ஒற்றைச் சொல்தான்.
இடைவெளி விடாமல் ஆர்எம்ரெஸ்பான்ஸ் என்று தட்டி
பக்கத்தில் பெயரைக் கொடுக்க வேண்டும்.
போனதாகக்கூடச் சொல்லாது.
அடுத்த பெயருக்குக் காத்திருக்கும்.
பெயர்களில் ஒழுங்கே இல்லை:
'சத்தம்', 'பெரிய சத்தம்',
'எதற்கும் இருக்கட்டும்',
'ஷூரூரை எழுப்பு'.

கடைசியது மட்டும் மறுத்தது.
ஒரு நிபந்தனையோடு பிணைந்திருக்கிறதாம்:
இரவு பிரதி எடுக்கையில் வட்டு
தொண்ணூறு சதம் தாண்டினால்.
பிரதி எடுப்பது தினமும்.
தாண்டுவதும் தினமும்,
மூன்று பத்துக்கு.
மூன்றரைக்குள் தானாகவே வடிந்துவிடும்.
ஆறு வருடமாக
ஒன்றுமில்லாததற்கு ஒரு மனிதரை எழுப்பியிருக்கிறோம்.

பிணைப்பை அவிழ்த்துவிட்டு நீக்குவதுதான் முறை.
மணி ஐந்தாகிவிட்டது.
வெளியே மழை பக்கவாட்டில் பெய்துகொண்டிருக்கும்.
வற்புறுத்துவதற்கென்று இருக்கும் சின்ன எஃப்பை
நடுவில் நுழைத்தேன்.
முடிச்சும் போயிற்று, முடிந்து வைத்ததும் போயிற்று.
யாருக்கோ நல்லது செய்த நினைப்பில்
கடலடிச் சுரங்கம் முழுக்க விசிலடித்தபடி
வண்டியோட்டினேன்.

மறுநாள் வியாழன். எட்டரைக்குத் தொலைபேசி.
"இயந்திரத்தை இப்போது பார்ப்பது யார்?"
ரன்வா என்றேன்.
"நான் ஷூரூர். நோல்சோயிலிருந்து.
நேற்று ராத்திரி வட்டு நிறையவில்லையா?"
நிறைந்தது.
சொல்வதைத்தான் நிறுத்திவிட்டோம்.
அவர் பக்கம் கொஞ்சநேரம் காற்று மட்டும் பேசியது.
"என் படகு மூன்றே முக்காலுக்கு.
என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்."

மன்னிப்புக் கேட்பதா சிரிப்பதா தெரியாமல்
அலாரம் வைத்துக்கொள்ளுங்களேன் என்றேன்.
"வைத்துப் பார்த்தேன்.
வைத்தது நான்தான் என்று தெரிந்துவிடுகிறது,
அணைத்துவிட்டுத் தூங்கிவிடுகிறேன்.
இது வேறு.
எங்கோ ஏதோ வழியப்போகிறது என்று வரும்."

இதையும் எழுதியது நீங்கள்தானே, என்றேன்.
"எழுதியவன் சம்பளம் வாங்கினவன்.
எழுந்தவன் வேறு ஆள்."

நாளை எல்லாமே அணைந்துவிடும் என்று சொன்னேன்.
மழை வரும் என்று கேட்டவர்போல
"ம்" என்றார்.
கீழே அந்த வால்வு இன்னும் கசிகிறதா என்றார்.
கசிகிறது.

அன்றிரவு எனக்கு விழிப்புத் தட்டியபோது
மூன்று மணி இரண்டு நிமிடம்.
கட்டிலிலிருந்தே மடிக்கணினியைத் திறந்து
எண் ஏறுவதைப் பார்த்தேன்.
எண்பத்தாறு. எண்பத்தெட்டு.
அங்கேயே கொஞ்சம் நின்றது, மூச்சுவாங்குகிற மாதிரி.
தொண்ணூறைத் தாண்டியதும் அவர் எண்ணை அழுத்தினேன்.
ஏழாவது மணியில் எடுத்தார்.

நிறைந்துவிட்டது, என்றேன்.
"எத்தனை?"
தொண்ணூற்றிரண்டு.
"சரி, பார்க்கிறேன்" என்றார்
தூக்கம் கலையாத பழைய உத்தியோகக் குரலில்.
பிறகு தரையில் பூட்ஸைத் தேடும் சத்தம்,
ஒன்று கிடைத்தது,
இன்னொன்று.